எண்ணாமல் விட்ட மரங்கள்

மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கச் செயலாளர் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். விடுதி மெஸ் சாம்பார், கல்லூரி நாள் நாடகம், மரத்தடி அரட்டை இதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. நான் தாவரவியல் படித்து, அதையே முப்பது வருஷத்துக்கு மேல் வகுப்பில் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது செடி, கொடி, மரம்தான். அதனால் மரங்களோடேயே வாழ்ந்து முடித்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் நம் கல்லூரிக்கு வந்தவர் இல்லை. 1907-லேயே மறைந்துவிட்டார். ஆனால் நம் துறை நூலகத்தில், கண்ணாடி பீரோவின் மேல்தட்டில், முதுகு அட்டை பிய்ந்துபோன ஒரு தடித்த புத்தகம் இருந்ததே, ‘இந்தியன் ட்ரீஸ்’ என்று, அதை எழுதியவர் அவர்தான். சர் டீட்ரிக் பிராண்டிஸ். இந்திய வனத்துறைக்கு அடித்தளம் போட்டவர் என்று வனத்துறைக்காரர்கள் அவரைச் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது அதிகம் பேசப்படாத இன்னொரு பிராண்டிஸை. எழுபது வயசில், காய்ந்துபோன இலைகளுக்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்த பிராண்டிஸை.

ஒரு தப்பான ஷீட்

அவர் எனக்கு அறிமுகமானதே என்னுடைய ஒரு தப்பினால்தான். நாங்கள் படித்தபோது திருநெல்வேலிப் பக்கம் முண்டந்துறைக் காட்டுக்கு டூர் போனோம். ஆளுக்கு இருபத்தைந்து ஹெர்பேரியம் ஷீட் தயார் பண்ண வேண்டும். ஓடைக்கரையில் சருகோடு சருகாக ஒரு காய் கிடந்தது. சின்னக் கொட்டை, அதன் தலையில் முயல் காது மாதிரி நீளமாக இரண்டு சிறகு. மேலே தூக்கிப் போட்டால் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டு இறங்குகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். அண்ணாந்து பார்த்தால் மரம் எங்கேயோ உயரத்தில் நிற்கிறது, கிளை ஒன்றும் கைக்கு எட்டவில்லை. பக்கத்தில் தாழ்வாக இருந்த வேறொரு மரத்தில் ஒரு கிளையை ஒடித்தேன். இலையும் காயும் ஒரே ஷீட்டில் ஒட்டியாச்சு. லேபிளில் ஒரு பெயரும் எழுதியாச்சு.

எங்கள் பேராசிரியர் அந்த ஷீட்டை ரெண்டு நிமிஷம் பார்த்தார். திட்டவில்லை. நேராகப் பீரோவைத் திறந்து அந்தத் தடித்த புத்தகத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து படித்தேன். காய் கோங்கு மரத்தினுடையது, ஹோபியா பார்விஃப்ளோரா. இலை வேறு ஏதோ ஒரு குடும்பத்து மரம். ரெண்டு மரத்தைச் சேர்த்து உலகத்தில் இல்லாத மூன்றாவது மரம் ஒன்றை நான் படைத்துவிட்டேன்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே மாதிரிக் கலப்பட ஷீட்டுகள் பெரிய பெரிய நிலையங்களிலும் உண்டு, பெரிய மேதைகளும் அவற்றால் ஏமாந்ததுண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பிராண்டிஸ் தன் முதுமையில் எடுத்துக்கொண்ட வேலையும் அப்படிப்பட்ட சிக்கலைப் பிரிப்பதுதான். அதுவும் இந்தக் கோங்கு மரத்தின் குடும்பத்தில்தான்.

பான் நகரத்திலிருந்து பெகுவுக்கு

பிராண்டிஸ் பிறந்தது ஜெர்மனியில் பான் நகரத்தில், 1824 மார்ச் 31-ல். அப்பா கிறிஸ்டியன் ஆகஸ்ட் பிராண்டிஸ் தத்துவப் பேராசிரியர். கிரேக்க நாட்டு மன்னர் ஆட்டோவுக்கு ஆலோசகராக அவர் சில வருஷம் ஏதென்ஸில் இருந்ததால், பையனின் பள்ளிப் பருவத்தில் ஒரு பகுதி அங்கே கழிந்தது. பிறகு கோபன்ஹேகன், கோட்டிங்கன், பான் என்று படிப்பு. தாவரவியலில் தேறி, 1849-ல் பான் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளர் ஆனார். அப்படியே இருந்திருந்தால் ஒரு நல்ல பேராசிரியராக, ஊர் எல்லையைத் தாண்டாமல் வாழ்ந்திருப்பார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது கல்யாணம். 1854-ல் ரேச்சல் என்ற அம்மையாரை மணந்தார். வங்காளத்தில் செராம்பூரில் வில்லியம் கேரியோடு சேர்ந்து உழைத்த ஜோஷுவா மார்ஷ்மனின் மகள் அவர். அவருடைய முதல் கணவர் வோய்க்ட் என்பவரும் ஒரு தாவரவியலாளர்தான், செராம்பூரில் டேனிஷ்காரர்களின் மருத்துவராக இருந்தவர். ரேச்சலின் சகோதரியை மணந்திருந்தவர் ராணுவ அதிகாரி ஹாவ்லாக். இந்த உறவுகளின் மூலமாக கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் காதுக்கு பிராண்டிஸின் பெயர் போயிற்று. 1852-ல் ஆங்கிலேயர் பிடித்திருந்த பெகு, அதாவது தெற்கு பர்மா, தேக்குக் காடு நிறைந்த பிரதேசம். கப்பலுக்கும் ரயிலுக்கும் தேக்கு வேண்டும். வியாபாரிகள் கண்ணை மூடிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காடுகளைக் கவனிக்க 1856 தொடக்கத்தில் பிராண்டிஸ் நியமிக்கப்பட்டார். வயசு 31. காட்டு நிர்வாகத்தில் அனுபவம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

முதல் கேள்வியே அவருக்குப் பெரிய கேள்வி. இந்தக் காட்டில் எத்தனை தேக்கு இருக்கிறது? யாருக்கும் தெரியாது. தெரியாமல் வருஷத்துக்கு எத்தனை வெட்டலாம் என்று எப்படிச் சொல்வது? அதனால் எண்ணுவதென்று முடிவு செய்தார். முழுக் காட்டையும் எண்ண முடியாது. யானை மேல் ஏறி, மலை முகடு வழியாகவும் காட்டுப் பாதை வழியாகவும் நேராகப் போவது, போகிற வழியில் இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுகிற குறிப்பிட்ட அகலத்துக்குள் நிற்கும் தேக்கை மட்டும் எண்ணுவது, அதிலிருந்து மொத்தக் காட்டையும் கணக்குப் போடுவது. மரங்களை அடிமரச் சுற்றளவை வைத்து நாலு வகுப்பாகப் பிரித்தார். மழையில் காகிதம் நனைந்து கூழாகிவிடும். அதனால் கையில் மூங்கில் துண்டுகளை வைத்துக்கொண்டு, மரம் ஒன்றுக்கு ஒரு வெட்டு என்று பேனாக்கத்தியால் குறித்துக்கொண்டே போனார். காய்ச்சல், அட்டை, மழை எல்லாம் உண்டு. இளைய மரங்கள் பெரிய வகுப்புக்கு வளர எத்தனை வருஷம் ஆகும் என்று பார்த்து, அந்த அளவுக்கு மேல் வெட்டக் கூடாது என்று விதித்தார். காடு என்பது முதல், வெட்டுவது வட்டி, வட்டியை மட்டும் எடு என்பதுதான் சாரம். மர வியாபாரிகளுக்கு அவர் மேல் இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

மலைவாழ் கரேன் மக்கள் காட்டை எரித்து நெல்லும் பருத்தியும் போடுவதுண்டு. அந்தக் கொல்லைகளிலேயே பயிருக்கு நடுவே தேக்கு நட வைக்கும் முறை பர்மாவில் அவர் காலத்தில்தான் வேரூன்றியது. டாங்யா என்கிற அந்தப் பெயர் இன்றும் வனவியல் பாடத்தில் இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் மனசில் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எண்ணியது தேக்கை. அதே காட்டில் தேக்கைவிட உயரமாகக் கன்யின் மரங்கள் நின்றன. வறண்ட மேட்டு நிலங்களில் இன் மரங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. யானை அவற்றையும் தாண்டித்தான் போனது. மூங்கிலில் அவற்றுக்கு வெட்டு விழவில்லை. சர்க்கார் கேட்ட கணக்கு தேக்கின் கணக்கு மட்டும்தான்.

சட்டமும் ஜனங்களும்

பெகு வேலையின் பலனாக 1862-ல் இந்திய அரசு அவரை அழைத்துக்கொண்டது. சென்னை மாகாணத்தில் 1856-லேயே வனத்துறை தொடங்கி நடத்திவந்த டாக்டர் கிளெகார்னும் அவரோடு சில காலம் சேர்ந்து உழைத்தார். 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை இன்ஸ்பெக்டர் ஆனார் பிராண்டிஸ். பத்தொன்பது வருஷம் அந்தப் பொறுப்பு. 1865-ல் முதல் வனச் சட்டம், 1878-ல் அதைவிடக் கடுமையான இரண்டாவது சட்டம், அதே 1878-ல் டேராடூனில் வனப் பள்ளி. டேராடூனில் பயின்ற நம் முன்னாள் மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்!

ஆனால் எல்லாவற்றையும் மெச்சிக்கொண்டே போனால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது. அந்தச் சட்டங்களால் லட்சக்கணக்கான ஏழை ஜனங்களுக்குத் தங்கள் காடே அந்நியமாயிற்று. நேற்று வரை விறகு பொறுக்கிய இடம் இன்று ரிசர்வ். ஆடு மேய்த்தால் அபராதம். இதற்கு பிராண்டிஸ் பொறுப்பில்லை என்று நான் வாதாட மாட்டேன். கரேன் மக்கள் நட்ட தேக்கும் கடைசியில் சர்க்கார் தேக்குதான். ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். காடு முழுவதும் அரசுக்கே சொந்தம், ஜனங்களுக்கு உரிமை என்பதே கிடையாது என்று வாதாடிய அதிகாரிகள் அன்று இருந்தார்கள். பிராண்டிஸ் அந்தக் கட்சியில் இல்லை. கிராமத்துக்கென்று தனிக் காடு ஒதுக்கி, கிராமத்தார் உபயோகத்துக்கு விடவேண்டும் என்பது அவர் யோசனை.

1881 முதல் 1883 வரை அவர் சென்னை மாகாண வேலையாக இங்கே அனுப்பப்பட்டார். நம் மாகாணத்துக்கு 1882-ல் தனி வனச் சட்டம் வந்தது அந்தச் சமயத்தில்தான். 1883-ல் அவர் எழுதிக் கொடுத்த ஆலோசனைகளில் இந்தக் கிராமக் காடு யோசனையும் இருந்தது. அது அவர் நினைத்த மாதிரி நடக்கவில்லை. காகிதத்தோடு நின்றது. அதே வருஷம் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார்.

இரட்டைச் சிறகுக் குடும்பம்

ஓய்வு பெற்றவர் சும்மா இருக்கவில்லை. வனவியல் படிக்க வந்த ஆங்கிலேய மாணவர்களை ஜெர்மன் காடுகளுக்கு அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். 1889-ல் அவரைத் தேடி வந்த அமெரிக்க இளைஞர் கிஃபர்ட் பின்ஷாட் பிற்பாடு 1905-ல் அமெரிக்க வனப் பணித்துறையின் முதல் தலைவரானார். இதெல்லாம் இருக்க, அவர் மனசு பழைய தாவரவியலுக்குத் திரும்பியது. எடுத்துக்கொண்டது டிப்டெரோகார்ப்பேசி என்ற குடும்பம். டி என்றால் இரண்டு, டெரான் என்றால் சிறகு, கார்ப்பாஸ் என்றால் கனி. கிரேக்கச் சொற்கள். சின்ன வயசில் ஏதென்ஸில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது!

நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியம் இல்லை. வடநாட்டு சால் மரம் இதில்தான் சேர்த்தி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம், திருநெல்வேலிக் கோங்கு, பர்மாவின் கன்யினும் இன்னும், இலங்கைச் சிங்கராஜா காட்டின் தூண் தூணான பெருமரங்கள், மலேயா, சுமத்ரா, போர்னியோ மழைக்காடுகளை ஆளும் ராட்சச மரங்கள் எல்லாமே ஒரே வீட்டுப் பிள்ளைகள். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் போடும் பச்சைக் கற்பூரம் பழைய காலத்தில் இந்தக் குடும்பத்து மரம் ஒன்றிலிருந்துதான் வந்தது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற துறைமுகம் அந்தக் கற்பூரத்துக்குப் பேர்போனது. அதன் பக்கத்தில் ஐந்நூற்றுவர் என்ற நம் வணிகக் குழுவினர் 1088-ல் வைத்த தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. மரத்துக்குப் பெயர் வைக்கத் தெரியாத காலத்திலேயே அதன் மணத்தைத் தேடிக் கப்பலேறியிருக்கிறோம்.

மக்கள் வைக்கும் பெயரே போதாதா, எதற்கு லத்தீன் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு மாணவன் கேட்பான். நான் குங்கிலியத்தைக் காட்டுவேன். வெள்ளைக் குங்கிலியம் இந்தக் குடும்பம். கருங்குங்கிலியம் முற்றிலும் வேறு குடும்பம். கோங்கு என்றால் திருநெல்வேலி மலையில் ஒரு மரம், சங்கப் பாட்டில் வரும் மஞ்சள் பூக் கோங்கம் வேறொரு மரம் என்கிறார்கள். குங்கிலியக் கலய நாயனாருக்குப் புகை வந்தால் போதும், எந்த மரத்துப் பிசின் என்ற கவலை இல்லை. வெட்டலாமா காக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவனுக்கு அந்தக் கவலை உண்டு.

இந்தக் குடும்பத்தை வகைப்படுத்துவது ஏன் கஷ்டம் என்று கொஞ்சம் விளக்கணும். முதல் கஷ்டம் உயரம். நாற்பது, ஐம்பது மீட்டர் சாதாரணம். பாதி உயரத்துக்கு மேல்தான் கிளையே ஆரம்பிக்கும். இரண்டாவது, போர்னியோ, மலேயாப் பக்கம் இவை வருஷா வருஷம் பூப்பதில்லை. சில வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஒரு வருஷம் காடே ஒன்று சேர்ந்து பூக்கும். சேகரிக்கப் போனவர் அந்த வருஷம் போகவில்லை என்றால் வெறும் இலையோடுதான் திரும்பணும். ஒருவர் ஷீட்டில் பூ இருக்கும், காய் இருக்காது. இன்னொருவர் ஷீட்டில் தரையில் பொறுக்கிய காய் இருக்கும், பூ இருக்காது. இரண்டும் ஒரே மரமா, வேறு வேறா? ஒரே மரத்துக்கு ரெண்டு பேர் ரெண்டு பெயர் வைத்திருப்பார்கள். ரெண்டு மரத்துக்கு ஒரே பெயர் ஒட்டியிருக்கும். நான் பண்ணின மாதிரிக் கலப்படமும் கலந்திருக்கும்.

எழுபத்தொரு வயசில்

இந்தச் சிக்கலை உட்கார்ந்து பிரிக்க ஏற்ற இடம் லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கியூ தாவரத் தோட்டத்து ஹெர்பேரியம். பிராண்டிஸுக்கு அது பழகிய இடம். டாக்டர் ஸ்டூவர்ட் என்பவர் தொடங்கி முடிக்காமல் இறந்துபோன வடமேற்கு, மத்திய இந்திய வனத் தாவர நூலை 1874-ல் முடித்துக் கொடுத்தது அங்கே உட்கார்ந்துதான். கியூவின் அப்போதைய இயக்குநர் திசல்டன் டயரும் ஒரு காலத்தில் ஹூக்கரின் இந்தியத் தாவர நூலுக்காக இதே குடும்பத்தை எழுதியவர்.

அந்த ஹெர்பேரியத்தின் அலமாரிகளில் எத்தனை பேருடைய வியர்வை! நம் தென்னாட்டில் ராபர்ட் வைட் சேகரித்தவை. அவருக்காகப் படம் வரைந்த ரங்கையாவையும் கோவிந்துவையும் இன்று உலகம் தெரிந்துவைத்திருக்கிறது. அவருக்காக மரம் ஏறியவர்கள் பெயரை எந்த லேபிளிலும் காணோம். இலங்கைப் பேராதனையிலிருந்து த்வெயிட்ஸ் அனுப்பியவை, நம் மாகாண வன அதிகாரி பெட்டோம் அனுப்பியவை, 1865 முதல் 1868 வரை சரவாக் காடுகளில் அலைந்த இத்தாலியர் பெக்காரியின் சேகரிப்புகள் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். கியூவில் இருப்பதையும் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருப்பதையும் முக்கிய ஆதாரமாக வைத்துக்கொண்டு வேலை தொடங்கியது.

வேலை எப்படி நடக்கும் தெரியுமா? நூறு வருஷத்துக் காய்ந்த பூவைச் சுடுதண்ணீரில் போட்டால் இளகும். பிறகு லென்ஸுக்கு அடியில் ஊசியால் இதழ் இதழாகப் பிரித்து மகரந்தத் தாள்களை எண்ண வேண்டும். காயின் சிறகுகள் உண்மையில் வளர்ந்து நீண்ட புல்லி இதழ்கள். எத்தனை நீண்டிருக்கின்றன என்பதே ஒரு பெரிய சாவி. டிப்டெரோகார்ப்பஸ், ஹோபியா என்றால் இரண்டு. சால் மரத்தின் பேரினமான ஷோரியா என்றால் மூன்று நீளம், இரண்டு குட்டை. கற்பூர மரம் என்றால் ஐந்தும் ஏறக்குறைய சமம். நம் வெள்ளைக் குங்கிலியத்தில் சிறகே இல்லை, புல்லி இதழ்கள் பின்னால் மடங்கிக்கொள்ளும். பெயர் இரட்டைச் சிறகு, குடும்பத்தில் சிறகில்லாத பிள்ளையும் உண்டு! இத்தோடு தண்டின் உள்ளே ஓடும் பிசின் குழாய்களையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். குங்கிலியம் சுரக்கும் வழி அதுதானே.

ஷீட்டைப் பார்த்த அறிஞர்கள் பலர் மரத்தைப் பார்த்ததில்லை. மரத்தைப் பார்த்த வன அதிகாரிகள் பலருக்கு ஷீட்டைப் படிக்கத் தெரியாது. பிராண்டிஸ் பர்மாவிலும் இந்தியாவிலும் இந்த மரங்களின் நிழலில் கூடாரம் போட்டுத் தூங்கியவர். போர்னியோ மரங்களுக்கு மட்டும் பிறர் சேகரித்த ஷீட்டுகளைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1895-ல், அவருடைய எழுபத்தொன்றாவது வயசில், லண்டன் லின்னேயன் சங்க இதழில் 148 பக்கத்துக்கு அந்த ஆய்வு வெளிவந்தது. கன்யினும் இன்னும் அதில் தங்கள் இடத்தில், உறவுக்காரர்களோடு உட்கார்ந்திருக்கின்றன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் யானை மேல் போனபோது எண்ணாமல் விட்ட மரங்களை, கிழவனார் தள்ளாத வயசில் எண்ணி முடித்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். அவர் அப்படி நினைத்தாரோ இல்லையோ, இது என் நினைப்பு.

அதோடும் விடவில்லை. அடுத்து இந்தியா, பர்மா, இலங்கை மரங்கள், புதர்கள், மரக்கொடிகள், மூங்கில்கள், பனைகள் என்று ஏறத்தாழ 4,400 இனங்களை ஒரே நூலில் அடக்கும் வேலை. அதுதான் நம் பீரோவில் இருந்த ‘இந்தியன் ட்ரீஸ்’. 1906-ல், 82 வயசில் அது வெளிவந்தது. அடுத்த வருஷம் 1907 மே 28-ல் பிறந்த ஊரான பான் நகரிலேயே காலமானார்.

பெயர்கள் மாறும்

அவர் செய்த வகைப்பாடு அப்படியே நின்றதா என்றால், இல்லை. நிற்கவும் கூடாது. திருநெல்வேலி மலையில் கருங்கோங்கு என்று ஒரு மரம். பெட்டோம் அதற்கு பலானோகார்ப்பஸ் என்று ஒரு தனிப் பேரினமே ஏற்படுத்தினார். பிராண்டிஸ் காலத்தில் அந்தப் பெயர் இருந்தது. பிற்பாடு வந்தவர்கள் அதை ஹோபியாவிலேயே சேர்த்துவிட்டார்கள். இலங்கையில் சிங்களவர் தூன் என்று சொல்லும் மரங்களுக்கு த்வெயிட்ஸ் வைத்த பேரினம் தூனா. அது இருபதாம் நூற்றாண்டில் ஷோரியாவுக்குள் மறைந்தது. 2022-ல் ஆஷ்டனும் ஹெக்கன்ஹவரும் ஷோரியாவைப் பல பேரினங்களாகப் பிரித்தபோது தூனா மறுபடி எழுந்து வந்துவிட்டது! டி.என்.ஏ. சாட்சியும் சேர்ந்த தீர்ப்பு அது. இப்போது பழைய ஹெர்பேரியம் ஷீட்டின் இலைத் துணுக்கிலிருந்தே டி.என்.ஏ. எடுக்கிறார்கள். ஒட்டியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. குஜராத்தில் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்தில் ஐந்து கோடி வருஷத்துக்கு முந்தைய அம்பர், அதாவது கல்லாகிப்போன மரப்பிசின் கிடைத்திருப்பதை 2010-ல் அறிவித்தார்கள். வேதியியல் சோதனையில் அது இந்தக் குடும்பத்துப் பிசின் என்று தெரிந்தது. இந்திய நிலப்பரப்பு ஆசியாவோடு மோதிச் சேர்ந்த காலத்தில் இந்தக் குடும்பம் ஏற்கெனவே இங்கே இருந்திருக்கிறது. இன்று போர்னியோவில் மட்டும் 250-க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றின் முன்னோர் நம் பக்கத்திலிருந்து போயிருக்கலாம் என்கிறார்கள். அந்தப் போர்னியோத் தாழ்நிலக் காடுகளில் பெரும்பகுதி 1970-க்குப் பிறகு பலகைக்கும் பிளைவுட்டுக்கும் போய்விட்டது. நம் வீட்டு மேஜைப் பலகையில் எந்த இனம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. சில மரங்களுக்கு இனி ஷீட் மட்டும்தான் மிச்சம் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு உண்டு.

நம் பீரோ

சென்ற தடவை சங்கக் கூட்டத்துக்கு வந்தபோது பழைய லேபுக்குப் போனேன். ஹெர்பேரியம் பீரோ மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஒரு கதவு திறக்க வரவில்லை. பாச்சை உருண்டை வாசனை போய் எத்தனை காலம் ஆயிற்றோ. சில கட்டுகளைப் பூச்சி சல்லடையாக்கியிருந்தது. என்ன செய்யறது, யாரைக் குற்றம் சொல்வது? ஓய்வு பெற்றுப்போன என்னைப் போன்றவர்களும் எட்டிப் பார்க்கவில்லையே.

தேடியதில் என் ஷீட் கிடைத்தது. பேராசிரியர் அதைக் கிழித்துப் போட்டிருப்பார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். இல்லை. நான் எழுதிய தப்பான லேபிள் அப்படியே இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு. காய் இன்னது, இலை வேறு, இரண்டும் கலந்தது என்று அவர் கையெழுத்தில் எழுதி, தேதி போட்டு ஒட்டியிருக்கிறார். பழைய லேபிளைக் கிழிக்கக் கூடாது, திருத்தத்தைப் பக்கத்தில் ஒட்டு என்பது ஹெர்பேரியம் தர்மம். சட்டம் போட்டவர்கள் செய்த தப்புகளுக்கும் இப்படிப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிவைத்தால் என்ன என்று தோன்றியது. பிராண்டிஸின் கணக்கில் விட்டுப்போனது மரங்கள் மட்டும் இல்லையே, மனுஷர்களும்தானே.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷச் சந்தாவோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், அந்த பீரோவைச் சரி பண்ணலாம். இரண்டு நல்ல இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர், பாச்சை உருண்டை, இதுதான் செலவு. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். ஷீட்டைச் சுத்தம் பண்ணவும் லேபிள் படிக்கவும் சொல்லித் தருகிறேன். நீங்கள் ஒரு மரத்தைச் சேகரித்தால் ஊரும் தேதியும் எழுதுங்கள், மரம் ஏறிக் கொடுத்தவர் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள். தப்பாகப் பெயர் வைத்துவிட்டாலும் பரவாயில்லை. பின்னால் வருகிறவர் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொள்வார்.

– ஒரு பழைய தாவரவியல் மாணவன்